வியாழக்கிழமை லைன்

உங்க வீட்டுக்கு ஃபைபர் கனெக்‌ஷன் வந்த நாள் ஞாபகம் இருக்கா? ரெண்டு பேர் வந்திருப்பார்கள். ஒருத்தர் ஏணியில், ஒருத்தர் தரையில். சுவரில் ஒரு ஓட்டை, ஒரு வெள்ளைப் பெட்டி, பச்சை விளக்கு, பாஸ்வேர்டு எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. ஒரு மணி நேரத்தில் கிளம்பிப் போயிருப்பார்கள். நீங்கள் உடனே ஸ்பீடு டெஸ்ட் போட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான். ஈ.சி.இ. படிக்கிறேன், ஆப்டிகல் கம்யூனிகேஷன் பேப்பரில் நல்ல மார்க்கும் வாங்கினேன். ஆனால் அந்த ரெண்டு பேர், அந்த நாள், அந்த நேரத்துக்கு, கையில் சரியான சாமானோடு என் வீட்டு வாசலுக்கு எப்படி வந்தார்கள் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

முன்னாடியே சொல்லிடறேன். எனக்குப் பன்னிரண்டு வருஷமும் இங்கிலீஷ் மீடியம். என் ர, ற எல்லாம் எடிட்டர் அக்கா திருத்தியிருப்பார், மிச்சம் இருந்தால் மன்னிச்சுடுங்க. இந்த விஷயத்தை இங்கிலீஷில் எழுதினால் ரிப்போர்ட் மாதிரி ஆகிவிடுகிறது. ரிப்போர்ட் ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாச்சு, இன்டர்ன்ஷிப்புக்கு. அதில் இந்தக் கதை இல்லை.

மூன்றாம் வருஷப் பரீட்சை முடிந்ததும் எல்லாரும் சென்னை, பெங்களூரு என்று இன்டர்ன்ஷிப் தேடினார்கள். எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. அம்மா சொன்னார், "உன் மாமா கடையிலயே போய் உக்காரு. அவனும் நெட்டுதானே குடுக்கறான்." எங்க மாமா பென்னாகரத்தில் ஒரு கம்பெனிக்கு ஃபைபர் கனெக்‌ஷன் போட்டுக் கொடுக்கிற ஏஜென்ட். முன்னாடி கேபிள் டி.வி. வைத்திருந்தவர். தர்மபுரி மாவட்டத்தில் இப்படி கேபிள் டி.வி.யில் இருந்து ஃபைபருக்கு வந்தவர்கள் நிறைய. புது கனெக்‌ஷன் ஒவ்வொன்றுக்கும் ஒரு கமிஷன், மாசக் கட்டணத்தில் ஒரு பங்கு. இதுதான் பிழைப்பு.

கடையில் என்னென்ன இருந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் மொத்தக் கதையும் அதில்தான் இருக்கிறது. நாலு டெக்னீஷியன் அண்ணன்கள், அதாவது ரெண்டு ஜோடி. ரெண்டு ஏணி, ஒன்று மூங்கில், ஒன்று இழுத்தால் நீள்கிற அலுமினியம். பவர் மீட்டர் ரெண்டு. ஆனால் ஸ்பிளைசிங் மெஷின் ஒன்றே ஒன்று. முடி மாதிரி இருக்கிற ரெண்டு கண்ணாடி இழைகளை நேராக வைத்து, மின்பொறியில் உருக்கி ஒட்டுகிற மெஷின் அது. அதை மாமா குழந்தையைத் தூக்குவது போலத்தான் தூக்குவார். மெஷின் இல்லாமல் ஃபாஸ்ட் கனெக்டர் போட்டும் ஒப்பேற்றலாம். ஆனால் தூசியிலும் மழையிலும் நாள் போகப்போக லாஸ் ஏறும், ஆறு மாசத்தில் கம்ப்ளெயின்ட் வரும் என்று மாமா ஒத்துக்கொள்ள மாட்டார். அதனால் ரெண்டு ஜோடி இருந்தாலும், மெஷின் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேலை முடியும். வீட்டுக்குள் வைக்கிற அந்த வெள்ளைப் பெட்டிக்கு ஓ.என்.டி. என்று பெயர். அது வாரம் ஒரு முறை தர்மபுரியில் இருந்து எண்ணி வரும், இருபது வந்தால் அதிகம். டிராப் கேபிள் ட்ரம்மில் எத்தனை மீட்டர் மிச்சம் என்பது கேபிள் மேலேயே அச்சடித்திருக்கும். தினமும் காலையில் அதைப் பார்த்துச் சொல்வதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை.

மாமாவிடம் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருந்தது. அதில்தான் எந்த வீட்டுக்கு எந்த நாள் யார் போவது என்ற திட்டம் எல்லாம். பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். "பாப்பாரப்பட்டி ரோடு, ரெண்டு வீடு, அஷ்டமி வேண்டாம்ன்றாங்க." "வீட்டுக்காரம்மா நூறு நாள் வேலை, மூணு மணிக்கு மேல." "நாய்." "ஒகேனக்கல் ரோடு, ஆடி 18 மூணு நாள் போகாதே, வண்டி நகராது." ஒரு பக்கத்தில் வெறுமனே "வைக்கோல் லாரி" என்று மட்டும் இருந்தது. கேட்டேன். உயரமாக வைக்கோல் ஏற்றி வரும் லாரி ரோட்டைக் குறுக்கே தாண்டும் கேபிளை அறுத்துவிட்டுப் போயிடும், அந்த இடத்தில் கேபிளை உயர்த்திக் கட்டணும் என்று அர்த்தமாம்.

ஒவ்வொரு வாரத்துப் பக்கத்திலும் ஒரு வரி மட்டும் மாறாமல் இருந்தது. "வியாழன் - வெளி லைன்."

நான் என்ன செய்திருப்பேன் என்று இந்நேரம் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். எக்ஸெல் திறந்தேன்.

கொஞ்சம் டெக்னிக்கல், பொறுத்துக்கோங்க. ஆபீஸில் இருக்கிற ஓ.எல்.டி.யில் இருந்து ஒரு இழை கிளம்பும். வழியில் ஸ்பிளிட்டர் அதைப் பல கிளைகளாகப் பிரிக்கும். கடைசிக் கிளைகள் தெருக் கம்பத்தில் தொங்கும் பெட்டியில் முடியும். நம்ம ஊர்களில் பெரும்பாலும் எட்டு போர்ட் பெட்டி. புது ஆர்டர் வந்தால் முதல் கேள்வி, பக்கத்துப் பெட்டியில் போர்ட் காலியா? ரெண்டாவது, பெட்டியில் இருந்து வீடு எத்தனை மீட்டர்? மூன்றாவது, வெளிச்சம் போய்ச் சேருமா? ஜிபான் சிஸ்டத்தில் வழக்கமான பி பிளஸ் வகைக்கு மொத்த பட்ஜெட் 28 டெசிபல். அதில் ஸ்பிளிட்டர்தான் பெரிய தின்னி, எட்டாகப் பிரித்தாலே சுமார் 10 டெசிபல் போய்விடும். இழை கிலோமீட்டருக்கு அரை டெசிபல்கூடத் தின்னாது. அதாவது ஃபைபருக்குத் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை, 20 கிலோமீட்டர் வரைக்கும் போகும். தூரம் என்பது ஏணிக்கும் பெட்ரோலுக்கும் மனுஷங்களுக்கும்தான் பிரச்சினை.

என் ஷீட் ஒவ்வொரு ஆர்டருக்கும் எத்தனை நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டது. ஒரே பெட்டியில் இருந்து போகிற வீடுகளை ஒரே நாளில் சேர்த்தது. மெஷின் ஒரு ஜோடியிடம் இருந்து இன்னொரு ஜோடிக்குக் கை மாறுகிற இடத்தை நடுவில் வைத்தது. காலையில் எட்டரைக்கு நான் ரெண்டு லிஸ்ட் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவேன், அண்ணன்கள் கிளம்பிவிடுவார்கள். நான் போவதற்கு முன் வாரத்துக்குப் பதினாலு, பதினைந்து கனெக்‌ஷன். என் ஷீட் வந்த ரெண்டாவது வாரம் பத்தொன்பது. மாமா அன்னைக்கு எல்லாருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். என்னை வருகிறவர்களிடம் எல்லாம் "எங்க இன்ஜினியர்" என்று அறிமுகப்படுத்தினார். சத்தியமாகச் சொல்கிறேன், எந்த செமஸ்டர் ரிசல்ட்டுக்கும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

வியாழக்கிழமை வரியை நான்தான் எடுத்தேன். "வெளி லைன்" என்றால் ஊருக்கு வெளியே, கொட்டாய்களுக்குப் போகிற லைன். வேற மாவட்டத்துக்காரங்களுக்காகச் சொல்கிறேன், எங்க பக்கம் வயலுக்குள் தள்ளி இருக்கிற வீட்டைக் கொட்டாய் என்போம். அது ஓலைக் கொட்டாயாகத்தான் இருக்கணும் என்று இல்லை, மாடி வீடாகவும் இருக்கும். ஆனால் பெட்டியில் இருந்து எழுநூறு மீட்டர் தள்ளி இருக்கும். நடுவில் கம்பம் இருக்காது, நாமே பைப் நடணும். ஒரு ஜோடிக்கு ஒரு முழு நாள், ஒரே ஒரு கனெக்‌ஷன். அதே நாளில் டவுனில் நாலு முடிக்கலாம். மாமாவிடம் ஏன் வியாழக்கிழமை என்று கேட்டதற்கு, "அது அப்படித்தாம்மா, ஒரு நாள் ஒதுக்கி வெச்சாதான் போவோம்" என்றார். எனக்கு அது ஒரு காரணமாகவே தெரியவில்லை.

ஏரியூர் போகிற வழியில் ஒரு கொட்டாய். ஜூன் ரெண்டாவது வாரம் ஆர்டர் வந்தது. போன் செய்தது அந்த வீட்டு அக்கா. பெங்களூருவில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவர். சட்டப்படி கிடைக்கிற 26 வார லீவு முடியப் போகிறது. குழந்தைக்கு ஆறு மாசம் ஆகப் போகுது. கம்பெனி வீட்டில் இருந்தே வேலை செய்ய விடுகிறது, ஆனால் ஒரு கண்டிஷன்: பிராட்பேண்ட் லைன் இருக்கணும், ஜூன் கடைசிக்குள் ஸ்பீடு டெஸ்ட் அனுப்பணும். செல்போன் நெட் ஆகாது. ஆகவும் ஆகாது, அந்த வீட்டுக்குள் சிக்னல் ஒரு புள்ளிதான், பேசணும் என்றால் தண்ணித் தொட்டி மேட்டுக்கு வரணும் என்று அவரே சொன்னார்.

"எப்போம்மா வருவீங்க?"

"இந்த வாரத்துக்குள்ள பாத்துடலாங்க்கா."

நான் பொய் சொல்லவில்லை. அன்னைக்கு ஷீட்டில் அந்த வீடு வெள்ளிக்கிழமைக்கு வந்திருந்தது. ஆனால் வியாழக்கிழமை டவுனில் ஒரே தெருவில் மூன்று ஆர்டர் வந்தது. ஷீட் தானாகவே அதை மேலே ஏற்றி, கொட்டாயைத் திங்களுக்குத் தள்ளியது. திங்கள் வந்தபோது வேற நாலு சின்ன ஆர்டர். டவுனில் ஆர்டர் வருவது நிற்கவே இல்லை. தினமும் அந்த வீடு லிஸ்ட்டின் கடைசி வரியில் இருந்தது, தினமும் கடைசி வரிக்கு முன்னாடியே சாயங்காலம் ஆகிவிட்டது. அக்கா ரெண்டாவது தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவையும் கூப்பிட்டார். நான் மூன்று தடவையும் அதே வாக்கியத்தைச் சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது என் குரல் எனக்கே கஸ்டமர் கேர் குரல் மாதிரி இருந்தது.

நாலாவது தடவை ஒரு சனிக்கிழமை மதியம். அன்னைக்கு ஷீட்டில் எட்டுக்கு எட்டும் முடிந்து, எல்லா வரியும் பச்சை.

"இனிமே அவசரம் இல்லம்மா. மெதுவாவே போடுங்க. நாளைக்கு நான் பெங்களூரு கிளம்பறேன், ஆபீசுக்கே வரச் சொல்லிட்டாங்க. பாப்பா அம்மாகிட்ட இருக்கட்டும். வீடியோ கால் வந்தா போதும்." கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவரே, "வெச்சுடறேன், காத்து சத்தம் கேக்குதா உனக்கு, தொட்டி மேல நிக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

ஐந்தாவது செமஸ்டரில் நான் எலெக்டிவாக ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் எடுத்தேன். அதில் ஒரு ரெண்டு மார்க் கேள்வி உண்டு, உங்களில் பாதிப் பேர் எழுதியிருப்பீர்கள். ஷார்ட்டஸ்ட் ஜாப் ஃபர்ஸ்ட் முறையின் குறை என்ன? விடை: சின்ன வேலைகள் வந்துகொண்டே இருந்தால் பெரிய வேலைக்கு முறையே வராது. அதற்குப் பெயர் ஸ்டார்வேஷன், பட்டினி. தீர்வு ஏஜிங். நான் ரெண்டுக்கு ரெண்டு வாங்கினேன். என் ஷீட்டுக்கு நான் ஒரு பெரிய பெயர் வைத்திருந்தேன், அது இங்கே வேண்டாம். அது சுத்தமான ஷார்ட்டஸ்ட் ஜாப் ஃபர்ஸ்ட்தான். மூன்று வாரம் அதை தினமும் திறந்து மூடினேன், ஒரு நாள்கூட எனக்கு அந்த ரெண்டு மார்க் கேள்வி ஞாபகம் வரவில்லை. ஏனென்றால் புத்தகத்தில் பட்டினி கிடப்பது பி1, பி2 என்கிற ப்ராசஸ். குழந்தையை விட்டுவிட்டு பஸ் ஏறுகிற ஆள் இல்லை.

இன்னொரு பாடமும் இருக்கிறது. கியூயிங் தியரி. அந்தக் கணக்கே டெலிபோனில் இருந்து பிறந்ததுதான். எர்லாங் என்ற டேனிஷ்காரர் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தார். இத்தனை பேர் கூப்பிட்டால் எத்தனை லைன் போட்டால் போதும் என்ற கேள்வியில் இருந்து அவருடைய முதல் கட்டுரை 1909இல் வந்தது. அதில் இருந்து வளர்ந்த எளிமையான மாடல் ஒன்று: வேலை செய்கிறவர் 80 சதவீதம் பிசி என்றால் சராசரியாகக் கடையில் நாலு பேர் இருப்பார்கள். 90 என்றால் ஒன்பது. 95 என்றால் பத்தொன்பது. ஆட்களைச் சும்மா இருக்க விடாமல் பிழியப் பிழிய வரிசை அந்த வேகத்தில் நீளும். மாமா வியாழக்கிழமை ஒரு ஜோடியை வெளி லைனுக்கு ஒதுக்கினாரே, போக வேண்டிய கொட்டாய் இல்லாத வாரத்தில் அவர்கள் அன்னைக்குப் பழைய கம்ப்ளெயின்ட் பார்ப்பார்கள், பெட்டிகளுக்கு மூடி மாட்டுவார்கள், சில சமயம் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள். நான் அந்த டீக்கடையைத்தான் வேஸ்ட் என்று எடுத்தேன்.

மாமாவிடம் அன்னைக்குச் சாயங்காலம் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன், மறைப்பதற்கு என்ன. அவர் நோட்டைத் திறந்து ஜூன் மாசப் பக்கத்தைக் காட்டினார். அந்தக் கொட்டாய் பெயருக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் "பங்காளி - கேட்டாச்சு" என்று இருந்தது. கேபிள் அவர்கள் பங்காளியின் தென்னந்தோப்பு வழியாகத்தான் போக முடியும். ரெண்டு குடும்பத்துக்கும் பேச்சு வார்த்தை இல்லை. மாமா ஆர்டர் வந்த வாரமே நேரில் போய்ப் பேசி, சம்மதம் வாங்கி வைத்திருக்கிறார். வேலையிலேயே கஷ்டமான பாகம் அது, அது முடிந்திருந்தது. என் ஷீட்டில் அதற்கு ஒரு காலமே இல்லை.

"ஏன் மாமா என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருக்கணும்தான். வாரத்துக்குப் பத்தொம்பது வந்ததும் எனக்கும் ஆசை வந்துருச்சு பாப்பா."

அதற்கப்புறம் அவர் எதுவும் பேசவில்லை. எனக்குக் கிடைத்த ஆறுதலும் திட்டும் அந்த ஒரு வாக்கியம்தான்.

அடுத்த வியாழக்கிழமை மூத்த அண்ணனோடும் ஏணித் தம்பியோடும் நானும் போனேன். ஏணித் தம்பி என்னைவிட ரெண்டு வயசு பெரியவர்தான், ஆனால் கடையில் அதுதான் பெயர். பங்காளித் தோப்பில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பெரியவர் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து பைப் நட்டோம். பாறை. ஒவ்வொரு குழிக்கும் கடப்பாரையால் குத்திக் குத்தி முக்கால் மணி நேரம். என் ஷீட்டில் நான் ஒரு பைப்புக்கு இருபது நிமிஷம் போட்டிருந்தேன். மதியம் அந்த வீட்டுப் பாட்டி களியும் கீரைக் குழம்பும் போட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத்தான் கூச்சம், அண்ணன்கள் ஏற்கெனவே கை கழுவிவிட்டார்கள்.

நாலு மணிக்கு மெஷின் வந்தது, இன்னொரு ஜோடியிடம் இருந்து மாமாவே பைக்கில் மடியில் வைத்துக் கொண்டு வந்தார். அண்ணன் இழையைச் சீவி, வெட்டி, வைத்தார். திரையில் ரெண்டு இழையும் நெருங்கி, ஒரு சின்ன மின்னல். பவர் மீட்டரில் மைனஸ் 22. போதும், 27 வரைக்கும் தாங்கும். ஓ.என்.டி.யை மாட்டினோம். பான் விளக்கு கொஞ்ச நேரம் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

அந்தச் சிமிட்டல் என்னவென்று நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஒரே இழையைப் பல வீடுகள் பங்கு போடுவதால், புதுப் பெட்டி வந்ததும் ஓ.எல்.டி. முதலில் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கும். ரேஞ்சிங் என்பார்கள். அளந்துவிட்டு, பக்கத்தில் இருக்கிற வீடுகளைக் கொஞ்சம் அதிகமாகக் காக்க வைக்கும், தூரத்து வீட்டைக் குறைவாக. எல்லாரும் ஒரே தூரத்தில் இருப்பது போல ஆக்கிவிட்டு, அப்புறம் ஒவ்வொருவருக்கும் முறை கொடுக்கும். சிமிட்டல் நின்று விளக்கு பச்சையாக நின்றது.

பாட்டியின் போனில் வைஃபை போட்டுக் கொடுத்து, நானே அக்காவுக்கு வீடியோ கால் செய்தேன். ஆபீஸ் கேன்டீன் மாதிரி ஏதோ இடம், பின்னாடி நிறையப் பேர். குழந்தை திரையில் அம்மாவைப் பார்க்கவில்லை, போனுக்குப் பின்னாடி போய்த் தேடியது. அக்கா என்னைப் பார்த்து, "நீதானா அந்தப் பொண்ணு" என்றார். ஆமாங்க்கா என்றேன். வேற எதுவும் சொல்ல வரவில்லை. ஸாரி என்றுகூட அப்போது சொல்லவில்லை. இதைப் படிக்கிற நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள்.

கிளம்பும்போது பாட்டி பச்சை விளக்கைக் காட்டிக் கேட்டார். "இது ராத்திரியும் எரியுமா கண்ணு?"

"எரியும் பாட்டி. கரண்ட் இருந்தா எரியும்."

"அவ ஷிப்டு முடிஞ்சு கூப்புடறதே பத்து மணிக்கு மேல. அந்நேரத்துக்குத்தான் இங்க கரண்ட்ட புடுங்கறான்."

ஷீட்டை நான் அழிக்கவில்லை. காத்திருக்கிற ஒவ்வொரு நாளுக்கும் மதிப்பெண் ஏறுகிற மாதிரி மாற்றினேன், வியாழனைப் பூட்டி வைத்தேன். "சம்மதம்" என்று ஒரு காலம், "எதற்குக் கேட்கிறார்கள்" என்று ஒரு காலம். வாரத்துக்குப் பதினாறு, பதினேழு வருகிறது. இன்டர்ன்ஷிப் ரிப்போர்ட்டில் பத்தொன்பது என்றுதான் போட்டிருக்கிறேன், அந்த ஒரு வாரம் உண்மையாகவே வந்ததால்.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை கடையில் இருந்த ஒரே மினி யு.பி.எஸ்.ஸைத் துடைத்து, பேட்டரி சார்ஜ் செய்து, அந்தக் கொட்டாய்க்குக் கொண்டு போனோம். அது புது கனெக்‌ஷன் இல்லை, கம்ப்ளெயின்ட்டும் இல்லை, கமிஷனும் கிடையாது. ஷீட்டில் எந்த வரியிலும் வராது. மாமாவின் நோட்டில் எழுதினேன்.